இறங்கு(எ--): குறைகிறது, ஆனாலும் நிற்கவில்லை

5-லிருந்து 1 வரை இறங்கி வந்து நிற்கவேண்டிய சி மொழி புரோகிராம் இது. ஓட்டினால் 5 5 5 5 என்று திரை முழுக்க ஓடி, கடைசியில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்ட பிழை) என்று விழுகிறது.

வெற்று இறங்கு(முழு எ)
{
    எனில் (எ == 0) திரும்பு;
    அச்சிடு(எ);
    இறங்கு(எ--);
}

முழு முதன்மை()
{
    இறங்கு(5);
}

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அக்கா மகன் அனுப்பியது. "மாமா, எ-- போட்டிருக்கேனே, அப்புறம் ஏன் குறையல?" என்று கேட்டிருந்தான். இதற்கு ஆய்வகத்தில் கிடைக்கும் வழக்கமான பதில்: "அது போஸ்ட் டிகிரிமென்ட், அதாவது பின்னால் -- போட்டு ஒன்று குறைப்பது. ஃபங்ஷன் வேலையை முடித்துத் திரும்பிய பிறகுதான் குறையும். --எ என்று மாற்று." மாற்றினால் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அந்த விளக்கத்தில் பாதி தப்பு. அந்தப் பாதியை விட்டுவிட்டால் அடுத்த வாரமே இன்னொரு புரோகிராமில் மாட்டிக்கொள்வான். அதனால் லினக்ஸ் லேப்டாப்பில் ஜிசிசி (கம்பைலர்), ஜிடிபி (ஓடும் புரோகிராமை நிறுத்திப் பார்க்கும் டீபக்கர்) இரண்டையும் வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தோம்.

நிரல் தமிழில் இருப்பது பற்றி ஒரு வார்த்தை. இது விளக்கத்துக்காக மாற்றி எழுதியது அல்ல, இப்படியே கம்பைல் ஆகிறது. ஜிசிசி 10-ஆம் பதிப்பிலிருந்து வேரியபிள், ஃபங்ஷன் பெயர்களில் தமிழ் எழுத்துகளை நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. சி மொழிக்கே உரிய சொற்களை மட்டும் ஒரு ஹெடர் கோப்பில் 'ஹேஷ் டிஃபைன்' செய்து வைத்தேன்: இன்ட் என்பது முழு, வாய்ட் என்பது வெற்று, இஃப் என்பது எனில், ரிட்டர்ன் என்பது திரும்பு, மெயின் என்பது முதன்மை. அச்சிடு என்பது ஒரு எண்ணையும் ஓர் இடைவெளியையும் எழுதும் சின்ன மேக்ரோ (கம்பைல் ஆகும் முன் வேறு நிரலாக விரியும் சுருக்கப் பெயர்). பையனுக்கு இது பிடித்துப் போனது. வேலைக்குப் போகும் இடத்தில் இப்படி எழுதாதே என்றும் சொல்லி வைத்தேன். 'ொ' என்ற ஒரே எழுத்தை இரண்டு விதமாக யூனிகோடில் அடிக்கலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கம்பைலருக்கு அவை வேறு வேறு பெயர்கள்.

சரி, முதல் சோதனை. புரோகிராம் எவ்வளவு ஆழம் போய் விழுகிறது? 5-களை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒரு குளோபல் வேரியபிளை ஒவ்வொரு அழைப்பிலும் ஒன்று கூட்டி அதை அச்சிடச் சொன்னோம். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: ஸ்டேண்டர்ட் அவுட்புட்டுக்குப் போகும் எழுத்துகள் உடனே திரைக்கு வருவதில்லை, பஃபரில் சேர்ந்து மொத்தமாகத்தான் வரும். புரோகிராம் பாதியில் செத்தால் பஃபரில் இருந்தது போச்சு. திரையில் கடைசியாகத் தெரியும் எண்தான் விழுந்த இடம் என்று நம்பினால் ஏமாந்து போவோம். எனவே அச்சிடு மேக்ரோவை ஸ்டேண்டர்ட் எரர் பக்கம் திருப்பினேன், அங்கே பஃபர் கிடையாது.

வந்த எண் 2,61,000-ஐ ஒட்டி இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் முன்பின் மாறுகிறது. லினக்ஸ் பொதுவாக ஒரு புரோகிராமுக்குத் தரும் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் நினைவகம்) 8 எம்பி, அதாவது 83,88,608 பைட். 64 பிட் இன்டெல் வகைக் கணினியில், ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காகக் கம்பைலர் நிரலைச் சுருக்கி மாற்றுவது) இல்லாமல் கம்பைல் செய்தால், நம் இறங்கு ஃபங்ஷன் ஓர் அழைப்புக்கு எடுப்பது 32 பைட்: திரும்பிப் போகவேண்டிய முகவரிக்கு 8, பழைய பேஸ் பாயின்டருக்கு 8, உள்ளூர் இடம் 16. அந்தப் பதினாறில் நம் எ-க்கு வேண்டியது வெறும் 4 பைட்தான், மீதி அலைன்மென்டுக்காக விடப்படுவது. 83,88,608-ஐ 32-ஆல் வகுத்தால் 2,62,144. என்விரான்மென்ட் வேரியபிள்களும் அச்சிடும் ஃபங்ஷன் தன் பங்குக்கு எடுக்கும் இடமும் போகக் கணக்கு சரியாக வந்துவிட்டது. பையன் இதை ரசித்தான். 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று மனப்பாடம் செய்த சொல்லுக்குப் பின்னால் ஒரு வகுத்தல் கணக்கு இருப்பது அதுவரை அவனுக்குத் தெரியாது.

அதே கோப்பை ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டு ஓட்டினால் வேறு கூத்து. விழவே இல்லை. 5 5 5 என்று கன்ட்ரோல் சி அடிக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. அசெம்பிளியை எடுத்துப் பார்த்தால் இறங்கு ஃபங்ஷனுக்குள் தன்னையே அழைக்கும் 'கால்' கட்டளையே இல்லை, மேலே தாவும் 'ஜம்ப்' மட்டும் இருக்கிறது. அழைப்புக்குப் பிறகு செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை என்று கம்பைலர் கண்டுகொண்டு, ரிகர்ஷனை (ஃபங்ஷன் தன்னையே அழைப்பதை) வெறும் சுற்றாக மாற்றிவிட்டது. இன்னொன்றும் கவனித்தோம்: எ-ஐ ஒன்று குறைக்கும் கட்டளையும் காணோம். குறைத்த மதிப்பை யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்று அதையும் தூக்கி எறிந்துவிட்டது. நடந்தது என்ன என்பதற்கு இதுவே பெரிய துப்பு.

இப்போது ஜிடிபி. ஆப்டிமைசேஷன் இல்லாமல், டீபக் தகவலோடு கம்பைல் செய்து, எனில் இருக்கும் வரியின் எண்ணைக் கொடுத்து நிறுத்துப்புள்ளி வைத்தோம். நாலாவது முறை நின்றபோது பேக்ட்ரேஸ் (யார் யாரை அழைத்தார்கள் என்ற பட்டியல்) எடுத்தால், தேவையானதை மட்டும் எழுதினால், இப்படி இருந்தது:

0  இறங்கு (எ=5)
1  இறங்கு (எ=4)
2  இறங்கு (எ=4)
3  இறங்கு (எ=4)
4  முதன்மை ()

இந்த ஐந்து வரிகளில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 0 என்பது இப்போது நின்றுகொண்டிருக்கும் ஃபங்ஷன். 1, 2, 3 எல்லாம் அழைத்துவிட்டுக் காத்திருப்பவை. காத்திருக்கும் ஒவ்வொன்றிலும் எ ஏற்கெனவே 4 ஆகிவிட்டது! அழைப்பு இன்னும் திரும்பவே இல்லை, திரும்பப் போவதும் இல்லை. ஆனாலும் குறைந்துவிட்டது. "கால் முடிந்த பிறகுதான் குறையும்" என்ற விளக்கம் இங்கே அடிபட்டுப் போகிறது.

சி தரநிலை சொல்வது இது: ஃபங்ஷனுக்கு அனுப்பும் மதிப்புகளைக் கணக்கிட்டு, அவற்றின் பக்கவிளைவுகளை எல்லாம் முடித்துவிட்டுத்தான் ஃபங்ஷனின் உடலுக்குள் நுழையவேண்டும். அந்த இடத்தில் ஒரு சீக்வன்ஸ் பாயின்ட் (அதற்கு முந்தைய மாற்றங்கள் எல்லாம் முடிந்திருக்கவேண்டிய இடம்) உண்டு. எனவே எ-- தன் வேலையை நேரத்துக்குச் செய்துவிடுகிறது. கோளாறு நேரத்தில் இல்லை, மதிப்பில் இருக்கிறது. எ-- என்ற கோவையின் (எக்ஸ்பிரஷனின்) மதிப்பு பழைய எண். அந்தப் பழைய 5-தான் அடுத்த ஆளிடம் போகிறது. குறைந்த 4, அனுப்பியவனின் சொந்தப் பெட்டியில் கிடக்கிறது. அடுத்தவனிடம் இருப்பது அவனுக்கே உரிய வேறொரு எ, அதில் 5. அவனும் தன்னுடையதை 4 ஆக்கிவிட்டு 5-ஐ அனுப்புகிறான். எல்லோரும் குறைக்கிறார்கள், குறைந்தது மட்டும் யாரிடமும் போய்ச் சேர்வதில்லை.

ஜிடிபி பக்கமே போகப் பிடிக்காதவர்கள் இந்தச் சின்னச் சோதனையில் அதையே பார்க்கலாம்:

முழு கை = 3;

வெற்று பார்(முழு பெ)
{
    அச்சிடு(பெ);
    அச்சிடு(கை);
}

முதன்மையிலிருந்து பார்(கை--) என்று அழைத்தால் 3 2 என்று வரும். பெ-க்குப் பழைய 3 வந்திருக்கிறது. ஃபங்ஷனுக்குள் இருக்கும்போதே கை 2 ஆகிவிட்டது.

இதை ஏன் கம்பைலர் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்டான். ஜிசிசி 12-இல் முடிவில்லா ரிகர்ஷனுக்கு என்று ஓர் எச்சரிக்கை சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது திரும்பும் வழியே இல்லாத ஃபங்ஷன்களைப் பிடிப்பதற்கு. நம்முடையதில் எ பூஜ்யமானால் திரும்ப ஒரு வழி இருக்கிறது. அந்த வழிக்கு யாரும் போகப் போவதில்லை என்பது வேறு விஷயம். ஓட்டும்போது பிடிக்க, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இணைத்துக் கம்பைல் செய்யலாம். மொட்டையாக 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று விழாமல், இது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, இந்த வரியில் என்று எடுத்துச் சொல்லும்.

அவன் தானாகவே முயன்ற ஒரு திருத்தம்: அழைப்புக்கு முந்தைய வரியில் எ = எ--; என்று போட்டிருந்தான். அதைத் தொடவே கூடாது. ஒரே கோவைக்குள் ஒரே வேரியபிளை வரிசை இல்லாமல் இரண்டு முறை மாற்றுவது வரையறையற்ற நடத்தை, கம்பைலர் எதை வேண்டுமானாலும் செய்யலாம். கம்பைல் செய்யும்போது -Wall என்று கொடுத்து எச்சரிக்கைகளைப் போட்டிருந்தால் ஜிசிசி இதை உடனே சுட்டிக்காட்டும்.

அடுத்ததாக, ஓடும் மூன்று வடிவங்களை ஒப்பிட்டோம். அச்சிடுவதை அழைப்புக்குப் பின்னால் நகர்த்தினால்தான் வித்தியாசம் தெரியும். இறங்கு(எ - 1), அச்சிடு(எ), என்று எழுதினால் 1 2 3 4 5. இறங்கு(--எ), அச்சிடு(எ), என்று எழுதினால் 0 1 2 3 4. நிற்பதில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் --எ அனுப்பியவனின் எண்ணையும் கெடுத்துவிட்டுப் போகிறது, எ - 1 கெடுப்பதில்லை. பேக்ட்ரேஸில் இது அப்படியே தெரிந்தது. நாலாவது நிறுத்தத்தில் எ - 1 வடிவம் உள்ளிருந்து வெளியே 2, 3, 4, 5 என்று காட்டியது. --எ வடிவம் 2, 2, 3, 4 என்று காட்டியது. முதல் இரண்டும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம், அனுப்பியவன் தன்னுடையதைக் குறைத்து அதே எண்ணையே அனுப்பியிருக்கிறான்.

மூன்றாவது வடிவம், எ-ஐ ஸ்டாட்டிக் ஆக்குவது (நம் நிரலில் அதன் பெயர் நிலையான). ஃபங்ஷனுக்குள் நிலையான முழு எ = 5; என்று வைத்து, பூஜ்யமானால் திரும்பி, இல்லையென்றால் எ--; இறங்கு(); அச்சிடு(எ); என்று எழுதினால் 0 0 0 0 0 என்று வந்தது. ஸ்டாக்கில் ஆளுக்கொரு எ இல்லை, எல்லோருக்கும் பொதுவாக ஒன்றுதான். கடைசி ஆள் பூஜ்யமாக்கிய பிறகுதான் ஒவ்வொருவரும் திரும்பி வந்து பார்க்கிறார்கள். 'ஒவ்வோர் அழைப்புக்கும் தனி வேரியபிள்' என்று வகுப்பில் பத்து முறை சொல்வதைவிட இந்த ஐந்து பூஜ்யங்கள் நன்றாகப் புரியவைத்தன.

இவ்வளவு குழப்பம் தரும் ஆபரேட்டரை யார் கொண்டுவந்தது? கென் தாம்சன். சி-க்கு முன் அவர் எழுதிய பி மொழியிலேயே ++, -- இரண்டும் முன்னும் பின்னும் வரும்படி இருந்தன. பிடிபி-11 கணினியின் கட்டளைகளுக்காகச் செய்தது என்று பலரும் சொல்வார்கள். பி உருவானபோது பிடிபி-11 வரவே இல்லை என்று சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி 1993-இல் சி-யின் வரலாறு பற்றி எழுதிய கட்டுரையில் மறுத்திருக்கிறார். பிடிபி-7-இல் தானாக ஒன்று கூடும் சில நினைவக இடங்கள் இருந்தன, யோசனை அங்கிருந்து வந்திருக்கலாம் என்கிறார். ++எக்ஸ் என்பது எக்ஸ் = எக்ஸ் + 1 என்பதைவிடச் சிறிய கட்டளைகளாக மாறியது இன்னும் பெரிய காரணமாக இருக்கலாம் என்றும் சொல்கிறார். நினைவகம் நெருக்கடியாக இருந்த காலத்துச் சிக்கனம் இது. ரிகர்ஷனை நினைத்து யாரும் செய்ததல்ல.

இதற்குப் பிறகு, நேர்முகத் தேர்வுகளில் நெடுநாளாகச் சுற்றிவரும் ஒரு கேள்வியை அவனிடம் கொடுத்தேன்:

வெற்று கிளை(முழு எ)
{
    எனில் (எ > 0)
    {
        கிளை(--எ);
        அச்சிடு(எ);
        கிளை(--எ);
    }
}

கிளை(3) என்ன அச்சிடும்? பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு கட்டம் போட்டு, எ மாறும்போதெல்லாம் பழைய எண்ணை அடித்து எழுதச் சொன்னேன். கிளை(3)-இன் கட்டத்தில் 3 அடிபட்டு 2 ஆகிறது. கிளை(2) பிறக்கிறது, அங்கே 2 அடிபட்டு 1. கிளை(1)-இல் 1 அடிபட்டு 0. கிளை(0) ஒன்றும் செய்யாமல் திரும்புகிறது. கிளை(1)-இன் கட்டத்தில் இருப்பது 0, அதை அச்சிடுகிறது. பிறகு 0 அடிபட்டு -1, கிளை(-1)-உம் சும்மா திரும்புகிறது. கிளை(2)-இன் கட்டத்துக்கு வந்தால் அங்கே 1 இருக்கிறது, அச்சிட்டு 0 ஆக்கி அழைத்தால் ஒன்றுமில்லை. கிளை(3)-இன் கட்டத்தில் 2. அச்சிட்டு, 1 ஆக்கி, கிளை(1)-ஐ அழைத்தால் இன்னொரு 0. மொத்தம் 0 1 2 0. எந்தக் கட்டத்தில் எந்த எண் கிடக்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் இதில் மர்மம் எதுவும் இல்லை. கிளை(4)-ஐ அவனே போட்டு 0 1 2 0 3 0 1 என்று சொல்லிவிட்டான்.

எத்தனை எண்கள் அச்சாகின்றன என்று எண்ணிப் பார்த்தால் 1, 2, 4, 7, 12 என்று போகிறது. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 2, 3, 5, 8, 13, அதாவது ஃபிபோனாச்சி. தனக்கு முந்தைய இரண்டையும் அழைப்பதால் அப்படித்தான் வரும். கிளை(40) கொடுத்தால் 26 கோடியே 79 லட்சத்துக்கு மேல் எண்கள் அச்சாகும், ஆனால் ஒரே நேரத்தில் ஸ்டாக்கில் இருப்பவை 41 அழைப்புகளுக்கு மேல் போகாது. நேரம் தின்பது வேறு, ஸ்டாக் தின்பது வேறு. முதல் புரோகிராமை வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருந்தால் புரிந்திருக்காது.

இதே கேள்வியில் எ > 0 என்பதை எடுத்துவிட்டு, பழைய பழக்கத்தில் 'எனில் (எ == 0) திரும்பு' என்று மாற்றிப் பாருங்கள். 0 என்று ஒரே ஓர் எண் வந்து, உடனே விழுகிறது. கிளை(1)-இன் இரண்டாவது அழைப்பு -1-ஐக் கொடுத்து அனுப்புகிறது. அது பூஜ்யம் இல்லை, எனவே -2, -3 என்று கீழே போய்க்கொண்டே இருக்கிறது. முழு எண்ணின் கடைசி எல்லையான -2,147,483,648 வரை போகுமே என்று கேட்டால், அழைப்புக்கு 32 பைட் வீதம் அதற்கு 64 ஜிபி ஸ்டாக் வேண்டும். நம்மிடம் இருப்பது 8 எம்பி.

எ > 0-ஐ அப்படியே விட்டுவிட்டு, எ-ஐ அன்சைன்ட் (நெகடிவ் இல்லாத முழு எண்) ஆக்கினாலும் அதே கதிதான். 0-லிருந்து ஒன்று குறைத்தால் -1 வராது, 4,294,967,295 வரும். அது பூஜ்யத்தைவிடப் பெரியது. நெகடிவ் எண் வர வாய்ப்பில்லை, அன்சைன்ட் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்து மாற்றுபவர்களை நான் வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். டிகிரிமென்ட் இருக்கும் இடத்தில் அந்த நினைப்பு ஆபத்து.

ஃபேக்டோரியல் இல்லாமல் ரிகர்ஷன் பாடம் முடியாது என்பதால் அதையும் எடுத்தோம். அவன் குறிப்பேட்டில் 'திரும்பு எ * பெருக்கம்(--எ);' என்று இருந்தது. இடப்பக்கம் எ-ஐப் படிக்கிறோம், வலப்பக்கம் அதையே மாற்றுகிறோம், எது முதலில் என்று சி சொல்வதில்லை. படிப்பது முந்தினால் 5-க்கு 120 வரும். குறைப்பது முந்தினால், எ 1 ஆனதும் 1-ஐத் திருப்பும் வடிவில், 4 × 3 × 2 × 1 என்று 24 வரும். தரநிலைப்படி இதுவும் வரையறையற்ற நடத்தைதான். டிகிரிமென்ட் ஃபங்ஷன் அழைப்புக்குள் ஒளிந்திருப்பதால் கம்பைலரின் எச்சரிக்கையை நம்பியும் இருக்க முடியாது. தன் கணினியில் 120 வந்தது என்பதற்காக ஒருவர் இதைச் சரி என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். எ * பெருக்கம்(எ - 1) என்று எழுதினால் இந்தப் பேச்சே இல்லை. அப்புறம், நம் 32 பிட் முழு எண்ணில் 12-இன் ஃபேக்டோரியல் 479,001,600 வரைதான் கொள்ளும், 13-க்கு வரும் விடை குப்பை. பழைய டர்போ சி கம்பைலரின் 16 பிட் முழு எண்ணில் 7-உடன் முடிந்துவிடும்.

ரிகர்ஷனுக்குள் -- எதற்குமே வேண்டாம், எ - 1 போதும் என்பது என் கட்சி. அடுத்தவனுக்கு ஓர் எண் கொடுக்க நம் பெட்டியில் கைவைக்க வேண்டிய தேவையே இல்லை. பின்னால் வரும் --க்குப் பொருத்தமான இடம் வேறு. அணி (அரே) ஒன்றைக் கடைசியிலிருந்து முதல்வரை படிக்கும் சுற்றில் (எ-- > 0) என்று நிபந்தனை வைத்தால், பழைய மதிப்பை ஒப்பிட்டுவிட்டு, குறைந்த மதிப்போடு உடலுக்குள் நுழைகிறது. நீளம் 5 என்றால் உள்ளே 4, 3, 2, 1, 0 என்று கச்சிதமாகக் கிடைக்கும், அன்சைன்ட் எண்ணிலும் சரியாக நிற்கும். சுற்று முடிந்து வெளியே வந்த பிறகு அந்த எ-ஐ மட்டும் எடுத்துப் பயன்படுத்தவேண்டாம். கடைசி ஒப்பீட்டிலும் ஒன்று குறைந்திருக்கும், அன்சைன்ட் என்றால் அதில் 4,294,967,295 உட்கார்ந்திருக்கும்.